ஐஸ்கிரீம் வரிசையில் நிற்கிறார்

அன்று காலையில் அந்த வீட்டில் நடந்த பெரிய சம்பவம் ஒரு விரிப்பைப் பற்றிய சண்டைதான்.

குளிர்காலம். அவள் பரணிலிருந்து பழந்துணி மூட்டையை இறக்கி, எது தரை துடைக்க ஆகும், எது அடுப்புமேடைக்கு ஆகும் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். அதில் அந்த விரிப்பும் அகப்பட்டது. இரண்டு பழைய படுக்கை விரிப்புகளை நடுவில் தையல் போட்டுச் சேர்த்த சமாச்சாரம் அது. ஒரு பாதி பச்சை, ஒரு பாதி கோடு போட்டது. புல் கறை, டீக் கறை, எந்த வருஷம் யார் சிந்தியது என்றே தெரியாத கறைகள். அவள் கத்திரிக்கோலை எடுத்ததுதான் தாமதம், குளியலறையிலிருந்து வாய் நிறைய பற்பசை நுரையோடு அவர் ஓடி வந்தார்.

“கீழ வை. முதல்ல கத்திரிய கீழ வை.”

“ஓட்டையா இருக்குங்க. பாருங்க, கையே நுழையுது.”

“நுழைஞ்சா என்ன? கீழ புல்லுதானே இருக்கு, கிணறா இருக்கு?”

“வேற ஒண்ணு வாங்கிக்கலாம்.”

“வேற வாங்கினா நம்மள எப்படிக் கண்டுபிடிப்பாங்க? பச்சையையும் கோட்டையும் பாத்துத்தானே பூங்காவுல எல்லாரும் வந்து சேர்றாங்க?” பேசப் பேச நுரை ஒரு சொட்டு விரிப்பில் விழுந்தது. “இந்தா, புதுக் கறை. இப்ப திருப்தியா?”

விரிப்பை அவள் கையிலிருந்து பிடுங்கி, மடிப்பது என்ற பெயரில் தலையணை மாதிரி சுருட்டி, பரணில் திணித்தார். “வெயில் காலம் வரட்டும், அப்ப தெரியும் இதோட அருமை” என்றார். வேலைக்குக் கிளம்பினார். டார்ச்சை மறந்து திரும்பி வந்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுப் பையை மறந்து போனார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மதியம், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் வேலையை முடித்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தார். கூட வேலை செய்கிறவர் தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. அவரே பழுது பார்த்த லிஃப்ட்டில்தான் அவரைக் கீழே இறக்கினார்கள். “நடுவுல எங்கயும் நிக்கலம்மா, ஒரு குலுக்கல்கூட இல்ல” என்று அந்த நண்பர் பிறகு வந்த போதெல்லாம் சொன்னார். தன்னால் தர முடிந்த ஆறுதல் அதுதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவளுக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. சொந்தக்காரர்கள், அவர் கம்பெனி, வங்கி, தண்ணீர் வரி ஆபீஸ், மூக்குக்கண்ணாடிக் கடை. அவள் பாடப்புத்தகங்கள் அச்சாகும் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எதையும் விட்டுவிடாமல் பார்க்கிற கண் அவளுக்கு. ஆனாலும் ஒரு கூட்டம் விட்டுப்போயிற்று. அவர்களுக்குச் சொல்ல முகவரி கிடையாது, தொலைபேசி எண் கிடையாது. வெயில் காலத்துச் சனிக்கிழமைச் சாயங்காலங்களில் மட்டும் முளைக்கிற உறவுகள் அவர்கள்.

அந்த நகரத்துப் பெரிய பூங்காவில் கோடை முழுவதும் சனிக்கிழமைதோறும் திறந்தவெளி இசை விழா நடக்கும். சீட்டு இல்லை, நாற்காலி இல்லை. ஒரு வாரம் பித்தளை வாத்தியக்காரர்கள் கன்னம் வெடிக்க ஊதுவார்கள். ஒரு வாரம் வயலின் கூட்டம். ஒரு வாரம் நாலு இளைஞர்கள் வந்து காது கிழியக் கத்திவிட்டு, கூட்டத்துக்கு முத்தம் பறக்கவிட்டுப் போவார்கள். எது வந்தாலும் ஊர் போய் உட்கார்ந்துவிடும். பொழுது சாயவே சாயாத அந்த நீண்ட மாலைகளில் வீட்டுக்குள் இருந்து யார் என்ன செய்வது?

கல்யாணமான முதல் கோடையிலிருந்து அவர்களும் தவறாமல் போனார்கள். அவளுக்குப் பாட்டுப் பிடிக்கும். அவருக்குப் பாட்டு ஒரு சாக்கு. விரிப்பை உதறிப் போட்டு, ஒரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அதற்குள் கண் ஒலிபெருக்கிப் பக்கம் போய்விடும். “இதோ வந்துடறேன்” என்று எழுந்துபோனால் போனதுதான். ஒலிபெருக்கி எந்தக் கம்பெனி, மழை வந்தால் நனையாமல் கேபிளை எப்படிப் போட்டிருக்கிறார்கள், மேடையைத் தாங்குகிற ஜாக்கி எத்தனை எடை தாங்கும் என்று ஒலி அமைக்கிறவர்களைக் குடைந்து எடுப்பார். திரும்பி வரும்போது பெரும்பாலும் தனியாக வர மாட்டார். “பாவம், உக்கார இடமில்லாம நின்னுட்டிருந்தாங்க” என்று யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து விரிப்பில் உட்கார வைத்துவிட்டு, மறுபடி “இதோ வந்துடறேன்.”

அப்படி வந்து சேர்ந்து, பிறகு ஒவ்வொரு கோடையும் தாங்களாகவே வந்தவர்கள் மூன்று பேர்.

ஒருத்தி குடைக்காரம்மா. மேகம் என்றால் என்னவென்றே மறந்துபோன நாளிலும் குடையோடுதான் வருவாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரார் பேச்சையெல்லாம் வாழ்நாள் பூரா மௌனமாகக் கேட்டதற்கு இப்போது சேர்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் பல் டாக்டர். வாரம் முழுக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அடுத்தவர் வாயைப் பார்க்கிறோம், சனிக்கிழமையாவது மூக்குக்கு ஓய்வு வேண்டும் என்று கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். கை நீளத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் அவருக்கு ஒரே மங்கல். ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். மூன்றாமவர் பேக்கரி மாமா. விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறவர் ஆகையால் முதல் பாட்டிலேயே தூங்கிவிடுவார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறக்காமல் சரியாகக் கைதட்டுவார். அந்த வித்தையை அவர் எங்கே கற்றார் என்று யாருக்கும் தெரியாது.

எல்லாருக்கும் லிஃப்ட்டுக்காரர் அண்ணன். ஆகவே அவள் அண்ணி. குடைக்காரம்மா அவளைவிட ஒரு தலைமுறை மூத்தவள், அவளுக்கும் அண்ணிதான்.

கோடையின் முதல் சனிக்கிழமை அவள் பூங்காவுக்குப் போனது அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வரத்தான். விரிப்பை எடுத்துப் போனதுகூட, இல்லாவிட்டால் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதால். எப்படிச் சொல்வது என்று வாக்கியம்கூடத் தயார் செய்திருந்தாள். ‘என் கணவர் குளிர்காலத்தில் காலமாகிவிட்டார்.’ பிழையில்லாத வாக்கியம். பஸ்ஸில் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள்.

விரிப்பை உதறிப் போட்டு உட்கார்ந்தாள். குடை தூரத்திலிருந்தே அசைந்து அசைந்து வந்தது.

“அண்ணி! போன வருஷத்துக்கு இளைச்சுப் போயிட்ட. எங்க நம்ம ஆளு?”

அவள் வாயைத் திறந்தாள். மேடையில் யாரோ சோதனைக்காக ஒரு எக்காளத்தைப் பாங்கென்று ஊதினான். அது அடங்குவதற்குள் குடைக்காரம்மாவே பதிலையும் சொல்லிவிட்டாள்.

“கேக்கணுமா என்ன? கேபிள் எண்ணப் போயிருப்பார்.”

“இல்லக்கா,” என்றாள் அவள். தயார் செய்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே ஒரு ஓரமாக ஒதுங்கி, வேறொன்றுக்கு வழி விட்டது. “ஐஸ்கிரீம் வரிசைல நிக்கறார்.”

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. ஆனால் குடைக்காரம்மா, “நிக்கட்டும், நிக்கட்டும். எனக்கு வெனிலான்னு தெரியுமில்ல?” என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். டாக்டர் வந்தார், மாமா வந்தார். “அண்ணன்?” என்றார்கள். “ஐஸ்கிரீம்” என்று குடைக்காரம்மா சொன்னாள். சரி என்று தலையாட்டினார்கள். மாமா தூங்கிவிட்டார்.

பாதி நிகழ்ச்சிவரை ஐஸ்கிரீம் வராததை யாரும் விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஒரு தடவை ஐஸ்கிரீம் வாங்கப் போய், ஒலிபெருக்கிக்காரரோடு பேச்சு மும்முரத்தில் ஐந்தையும் உருக விட்டு, வெறும் கோன்களோடு வந்தவர். விரிப்பில் இல்லாதபோதுதான் அவர் வழக்கம்போல இருந்தார். அவர் இல்லாததற்கு அவர்கள் எல்லாரும் அவ்வளவு பழகியிருந்தார்கள்.

அவளுக்கோ அந்த மாலை முழுவதும் தேன் குடித்த மாதிரி இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு யாரோ அவரைத் திட்டினார்கள்! வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் அவரை ‘தங்கமான மனுஷன்’ என்றார்கள். இங்கே குடைக்காரம்மா, “பொறுப்பில்லாத ஜென்மம்” என்றாள். கேட்கக் கேட்க இனித்தது.

மறுநாள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். மகளுக்கு வேறு ஊரில் வேலை.

“சொல்லிட்டியாம்மா எல்லார்கிட்டயும்?”

“ம்.”

“என்ன ‘ம்’? சொன்னியா, இல்லையா?”

“ஐஸ்கிரீம் வாங்கப் போயிருக்கார்னு சொன்னேன்.”

“யாரு? அப்பாவா?”

“பின்ன யாரு?”

“அம்மா, நீ பாடப்புத்தகத்துல ஒரு கால்புள்ளி தப்பா இருந்தா ராத்திரி தூங்க மாட்டே. இது என்னம்மா?”

“சொல்லலாம்னுதான்டி போனேன். எல்லா இடத்துலயும் அவர் போயாச்சு. ஆபீஸ்ல வேற ஆள் வந்தாச்சு. வங்கியில பேரை எடுத்தாச்சு. அந்த ஒரு இடத்துலதான் அவர் இன்னும் ஐஸ்கிரீம் வாங்கப் போயிருக்கார். அதை நானே போய்க் கலைக்கணுமா?”

மகள் அழுதுவிடுவாளோ என்று இவள் பயந்தாள். பிறகு மகள் கேட்டாள்: “எவ்வளவு நாளைக்கும்மா வரிசைல நிக்க வைப்பே? கால் வலிக்காதா அவருக்கு?”

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் தங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமை கட்டாயம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை வயலின்கள். அவள் விரிப்பை உதறிப்போட்டு, தொண்டையைச் செருமி, மூன்று பேரும் சேர்கிற நேரத்துக்காகக் காத்திருந்தாள். டாக்டர்தான் கடைசியில் வந்தார். மூச்சு வாங்க வந்தார். உட்காருமுன்னே சொன்னார்:

“அண்ணனைப் பாத்துட்டுத்தான் வர்றேன்.”

அவள் கையிலிருந்த டீ அப்படியே நின்றது.

“எங்க?” என்றாள் குடைக்காரம்மா.

“எங்க இருப்பார்? ஒலிபெருக்கிக்குப் பக்கத்துலதான். நான் கை காட்டினேன். அவரும் காட்டினார்.”

“கிட்டப் போய்ப் பேசினீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“எதுக்கு அண்ணி? வரத்தானே போறார்.”

அவள் டாக்டரின் முகத்தையே பார்த்தாள். பல்லைப் பிடுங்கும்போது ‘ஒண்ணுமே தெரியாது, எறும்பு கடிக்கிற மாதிரிதான்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய முகம். விஷயம் தெரிந்துவிட்டதோ? தனக்காக நடிக்கிறாரோ? அல்லது அவரும் சும்மா அளக்கிறாரா? முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. சாயங்கால வெயில்தான் தெரிந்தது.

“என்ன சட்டை போட்டிருந்தார்?” என்று கேட்டுவிட்டாள்.

குடைக்காரம்மா திரும்பினாள். “ஏன், காலையில நீதானே பாத்திருப்ப?”

“அவசரத்துல கிளம்பினார்க்கா. கவனிக்கல.”

“நீலச் சட்டை,” என்றார் டாக்டர், ஒரு நொடிகூட யோசிக்காமல். “இல்லேன்னா சாம்பல்.”

அன்றும் அவள் சொல்லவில்லை. வயலின்கள் வாசித்த எதுவும் அவள் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்தாள். நீலச் சட்டை அதன் இடத்தில்தான் தொங்கியது. பைத்தியக்காரி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு அலமாரியைச் சாத்தினாள். பிறகு திறந்து, சாம்பல் சட்டையும் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை பித்தளை வாத்தியங்களின் முறை. கூட்டம் புல் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. பேக்கரி மாமா அன்று ஒரு பெரிய பொட்டலம் கொண்டுவந்திருந்தார். வெண்ணெய் வைத்துச் சுட்ட பன். இன்னும் சூடு இருந்தது.

“இது அண்ணனுக்கு,” என்று ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். “போன வருஷமே கேட்டார். ‘மாமா, உங்க கடை பன்னுல வெண்ணெயைக் கண்ணுல காட்டறீங்களே தவிர நாக்குல காட்டறதில்ல’ன்னார். இன்னைக்கு நாக்குல காட்டிருக்கேன். தின்னுட்டுச் சொல்லட்டும்.”

சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். அந்த ஒற்றைப் பன் விரிப்பின் நடுவில் காகிதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அவளால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

“ஆறிடும்,” என்று டாக்டர் எழுந்தார். “நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்.”

“வேணாம் டாக்டர்!”

“என்ன அண்ணி, நாலு எட்டுதானே?” போய்விட்டார்.

திரும்பி வரும்போது கையில் பன் இல்லை.

“குடுத்துட்டேன். நீங்க காத்துட்டிருக்கீங்கன்னும் சொல்லிட்டேன்.”

குடைக்காரம்மா குடையை மடக்கினாள். சந்தேகம் வந்தால் அவள் செய்கிற முதல் காரியம் அது. “டாக்டர், மீசையைக் காட்டுங்க.”

“எதுக்கு?”

“தூள் ஒட்டியிருக்கான்னு பாக்கத்தான்.”

“நான் தின்ன பன்னோட தூள் இது!”

“அதைத்தான் நானும் சொல்றேன். எந்தப் பன்னு?” அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழ ஆரம்பித்தாள். “மூணு வாரமாச்சு. இந்த மனுஷன் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டல. நம்மள்லாம் என்ன, சுமைதூக்கி வெச்ச மூட்டையா? நானே போய்க் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்.”

அவள் எழுந்தால் எழுந்ததுதான். ஒலிபெருக்கிக்குப் பின்னால், மேடைக்கு அடியில், ஐஸ்கிரீம் வண்டிக்குள்ளேகூடத் தேடாமல் விட மாட்டாள்.

“நீங்க இருங்கக்கா,” என்று இவள் துள்ளி எழுந்தாள். “நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்.”

கூட்டத்தின் கால்களுக்கும் கூடைகளுக்கும் நடுவே வழி தேடிக்கொண்டு நடந்தாள். எங்கேயாவது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, இன்னொரு பொய்யைச் சொல்வதுதான் திட்டம். வயிற்று வலி என்று வீட்டுக்குப் போய்விட்டார். கம்பெனியில் அவசரம், எங்கேயோ லிஃப்ட்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள். இது நல்ல பொய், அவரே சொல்லக்கூடியது. ஆனால் கால்கள் அந்தத் திட்டத்தைக் கேட்கவில்லை. அவை நேராக ஒலிபெருக்கியை நோக்கித்தான் போயின.

இரண்டு ஆள் உயரம் இருந்தது ஒலிபெருக்கி. அதன் பக்கத்தில் ஒருவர் முதுகு காட்டி நின்றிருந்தார். சாம்பல் நிறச் சட்டை. இடது கை இடுப்பில். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒலிபெருக்கியிடம் ஏதோ ரகசியம் கேட்கிற மாதிரி. வலது கையில் பன்.

அவள் நின்றுவிட்டாள். முட்டாள்தனம் என்று அவளுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

அவர் திரும்பினார். அடர்ந்த தாடி, அதன் மேல் வட்டக் கண்ணாடி, கண்ணாடிக்குள் மிரண்ட கண்கள். எந்த விதத்திலும் தெரிந்த முகம் இல்லை.

“அந்தப் பன்...” என்றாள்.

“சத்தமாச் சொல்லுங்க!” என்று அவர் கத்தினார். “எனக்கு இந்தக் காது அவ்வளவாக் கேக்காது! அதனாலதான் இங்க வந்து நிக்கறேன்!”

“அந்தப் பன்னை உங்களுக்கு யார் குடுத்தாங்க?”

“அதை ஏன் கேக்கறீங்க! போன வாரம் ஒருத்தர் அங்கேர்ந்து கை காட்டினார். தெரிஞ்சவரோ என்னவோ, காட்டலேன்னா மரியாதையா இருக்காதேன்னு நானும் காட்டிட்டேன். இன்னைக்கு நேரா வந்து கையில பன்னைத் திணிச்சு, ‘அண்ணி ரொம்ப நேரமாக் காத்துட்டிருக்காங்க, சீக்கிரம் வந்து சேருங்க’ன்னு சொல்லிட்டுப் போறார். என் பொண்டாட்டி அதோ அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கா. அவ காதுல விழுந்திருந்தா என் கதி என்ன, சொல்லுங்க?”

“பின்ன ஏன் தின்னீங்க?”

அவர் பாதிப் பன்னைப் பார்த்தார். “நல்லா இருந்துச்சுங்க!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “அவர் உங்களை என் வீட்டுக்காரர்னு நினைச்சுட்டார்!” என்று கத்தினாள்.

“யாரு?”

“என் வீட்டுக்காரர்!”

“ஐயையோ! அவர் எங்க இருக்கார்? மன்னிப்புக் கேட்டு மீதியையாவது குடுத்துடறேன்!”

“அவர் இல்லைங்க!”

“என்னது?”

“காலமாயிட்டார்!”

“கேக்கலைங்க!”

மேடையில் பாட்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. எல்லா எக்காளமும் எல்லா முரசும் ஒன்றாகச் சேர்ந்து, பூங்காவே அதிர்ந்தது. அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். அச்சில் வருகிற சொற்களெல்லாம் உதவாது என்று தெரிந்துவிட்டது.

“செத்துப் போயிட்டாருங்க!”

பாட்டு சரியாக அந்த இடத்தில் டக்கென்று நின்றது. அவள் குரல் மட்டும் புல்வெளியின் மேல் தனியாகப் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்த நொடி ஊரே கைதட்டியது. ஆயிரக்கணக்கான கைகள், விசில்கள், ‘இன்னொரு தடவை, இன்னொரு தடவை’ என்று கூச்சல்.

தாடிக்காரருக்கு இப்போது கேட்டிருந்தது. முகம் வெளுத்து, என்ன செய்வதென்று தெரியாமல், கையிலிருந்த பாதிப் பன்னை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இந்தக் கைதட்டலைக் கேட்டிருந்தால் தன் வீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டிருப்பார் என்று நினைத்ததும் இரண்டுமே கூடிப்போயிற்று.

பன்னைத் தின்றுகொண்டே திரும்பி நடந்தாள். வெண்ணெய் நாக்கில் நன்றாகவே பட்டது.

“எங்க?” என்றாள் குடைக்காரம்மா. “வரலையா?”

“வர மாட்டார்க்கா.” விரிப்பில் உட்கார்ந்தாள். ஒரு தடவை கத்திச் சொன்ன பிறகு மெதுவாகச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. “குளிர்காலத்துலயே இறந்துட்டார். வேலை பாக்கற இடத்துல, மாடி உச்சியில, நெஞ்சு வலி. உங்ககிட்டச் சொல்லத்தான் முதல் வாரம் வந்தேன். வாய் வரல.”

மாமா கண் விழித்திருந்தார். டாக்டர் ஒலிபெருக்கிப் பக்கம் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஒலிபெருக்கிப் பக்கம் பார்த்தார்.

“அப்ப நான் யாருக்குக் கை காட்டினேன்?”

“அவர் யாரோ தாடிக்காரர்.”

“தாடியா? தாடி இருந்துச்சா?”

“நெஞ்சு வரைக்கும் இருக்கு, டாக்டர்.”

“இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினீங்களே!” என்று குடைக்காரம்மா பாய்ந்தாள். பிறகு இவள் பக்கம் திரும்பினாள். குரல் பாதியில் உடைந்தது. “அண்ணி, நீ செஞ்சது நியாயமா? மூணு வாரமா நான் அந்த மனுஷனை வாயில வந்தபடியெல்லாம் பேசிட்டிருக்கேன். பொறுப்பில்லாத ஜென்மம்னேன். காதைத் திருகுவேன்னேன். செத்தவரைப் போய்த் திட்ட வெச்சுட்டியே!”

“அதுக்காகத்தான்க்கா சொல்லல. நீங்க திட்டறது நல்லா இருந்துச்சு.”

குடைக்காரம்மா குடையை விரித்துத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. குடைக்குப் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்படிக் கீழ கொண்டுவந்தாங்க?” என்று மாமா கேட்டார். அவருக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் லிஃப்ட்டைப் பற்றிச் சொன்னாள். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை, ஒரு குலுக்கல்கூட இல்லை என்பதையும்.

“பின்னே? யாரு சரி பண்ணினது?” என்றார் மாமா. சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, எல்லாருக்கும் இன்னொரு பன் எடுத்து வைத்தார்.

குடை தாழ்ந்தது. குடைக்காரம்மாவின் கண் சிவந்திருந்தது, வாய் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது.

“இருந்தாலும் சொல்றேன், அந்த ஆளுக்கு உக்காந்த இடத்துல ஒரு பாட்டு முழுசாக் கேக்கற வழக்கமே கிடையாது. யார்கிட்டயும் சொல்லிக்காம எழுந்து போறதே வேலை. இப்பவும் அதைத்தான் பண்ணியிருக்கார். நான் திட்டினது தப்பே இல்ல. இன்னும் திட்டுவேன். அடுத்த வாரமும் திட்டுவேன். நீ வருவ இல்ல?”

“வருவேன்க்கா.”

“அந்தத் தாடிக்காரர்?” என்றார் டாக்டர். “பாவம், பயந்துபோயிருப்பார். கூப்பிடலாமா?”

“அவருக்குப் பொண்டாட்டி இருக்கு, டாக்டர். நீங்க கூப்பிட்டது போதும்.”

டாக்டர் யோசித்தார். பிறகு எழுந்து நின்று, உத்தேசமாக ஒரு மங்கலைப் பார்த்துக் கை காட்டினார். “காட்டறாரா?” என்று கீழே குனிந்து கேட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒலிபெருக்கிப் பக்கத்தில் தாடிக்காரர் கையைத் தூக்கியிருந்தார். இப்போது அவர் பக்கத்தில் ஒரு அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

“காட்டறாங்க,” என்றாள் இவள்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. மாமா அன்று தூங்கவில்லை. தூங்காததால் எங்கே கைதட்டுவது என்று தெரியாமல் நடுவில் இரண்டு தடவை தட்டி, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி ஆயிற்று. அதற்கும் குடைக்காரம்மா ஒரு வார்த்தை வைத்திருந்தாள்.

அந்தப் புல்வெளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்வைக்குச் சமதரைதான், ஆனால் மேடைப் பக்கமாகக் கொஞ்சம் சரிவு. உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியாது. பாட்டு முடிந்து எழும்போது பார்த்தால், விரிப்பும் அதன் மேல் இருந்தவர்களும் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு முழம் கீழே வந்திருப்பார்கள். அவர் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்ட அன்றும் ஒரு முழம் வந்திருந்தார்கள்.